ஒரே ஒரு குழந்தையை வைத்து ஆராய்ச்சி செய்ய முடியுமா?

"இந்தச் சிகிச்சையால் என் பிள்ளைக்குப் பலன் கிடைக்குமா?" என்று ஒரு தாய் கேட்கிறாள். "நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பெரும்பாலோருக்குப் பலன் தெரிந்திருக்கிறது" என்று டாக்டர் பதில் சொல்கிறார். தாய் கேட்டது ஒன்று, டாக்டர் சொன்னது மற்றொன்று. அவள் கேட்டது தன் பிள்ளையைப் பற்றி. அவர் சொன்னது பெரும்பாலோரைப் பற்றி.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே ஓர் ஆராய்ச்சி முறை இருக்கிறது. தனியாள் ஆய்வு முறை என்று அதைச் சொல்லலாம். ஒரே ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு, அதே குழந்தையை அதனோடேயே ஒப்பிட்டு, சிகிச்சை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று கண்டறிவது இதன் நோக்கம். பேச்சுத் தாமதம், ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகையியக்கமும், உறக்கக் கோளாறு, ஓயாத அடம் போன்ற குறைகளைக் கவனிக்கும் குழந்தை வளர்ச்சி மருத்துவத்தில் இம்முறைக்குத் தனி இடம் உண்டு. இது எப்படி இயங்குகிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம். கணக்கு அதிகம் தெரிய வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும்.

சராசரி சொல்லாத செய்தி

மருத்துவத்தில் வழக்கமான சோதனை முறை நாம் அறிந்ததுதான். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். மற்றதற்கு மருந்தைப் போலவே தோன்றும் போலி மாத்திரை. முடிவில் இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவார்கள். இந்த முறையின் பெருமையை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் சராசரி சில செய்திகளை மறைத்தும் விடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறோம். 5 குழந்தைகள் 20 மதிப்பெண் முன்னேறுகிறார்கள். மற்ற 5 பேர் 10 மதிப்பெண் பின்தங்குகிறார்கள். சராசரி என்ன? 5 மதிப்பெண் முன்னேற்றம்! அறிக்கையில் "பயிற்சி பலன் தருகிறது" என்று எழுதிவிடலாம். ஆனால் 5 மதிப்பெண் முன்னேறிய குழந்தை அந்தப் பத்துப் பேரில் ஒன்றுகூட இல்லை. பாதிப் பேருக்கு அந்தப் பயிற்சி கெடுதலே செய்திருக்கிறது.

பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் க்ளோத் பெர்னார் 1865-இல் வெளியிட்ட நூலில் இதைக் கேலியாகவே சொல்லியிருக்கிறார். பல நாட்டு மக்களும் வந்துபோகும் ஒரு ரயில் நிலையக் கழிப்பிடத்திலிருந்து சிறுநீரை எடுத்துச் சோதித்துவிட்டு, ஐரோப்பியரின் சராசரிச் சிறுநீரைக் கண்டுவிட்டதாக நினைத்த ஒருவரைப் பற்றி அவர் எழுதுகிறார். அப்படிப்பட்ட சிறுநீர் எந்த ஐரோப்பியரிடமும் இருந்திருக்காது என்பதை நாமே ஊகிக்கலாம்.

வளர்ச்சிக் குறைபாடுகளில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஆட்டிசம் என்ற ஒரே பெயரைப் பெற்ற இரண்டு குழந்தைகளில் ஒன்று ஓயாமல் பேசும். மற்றது பேசவே பேசாது. இந்த இருவரின் சராசரி என்பது யாருக்கு உதவும்?

"முன்பு, பின்பு" ஏன் போதாது?

"அப்படியானால் சுலபமாயிற்றே! சிகிச்சைக்கு முன்பு எப்படி இருந்தான், பின்பு எப்படி இருக்கிறான் என்று பார்த்தால் போதாதா?" என்று வாசகர்கள் கேட்கலாம். போதாது. மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி, வளர்ச்சி. குழந்தை சும்மா இருப்பதில்லை, வளர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டரை வயதில் பேசாத பிள்ளை மூன்று வயதில் பேசினால், இடையில் நாம் என்ன செய்தோமோ அதற்கெல்லாம் பெருமை போய்ச் சேர்ந்துவிடும்.

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது நன்கு பழக்கமான விஷயம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ மராத்தியோ, பள்ளியில் ஆங்கிலம். பிள்ளை பேசத் தாமதித்தால், "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். நிறுத்துகிறார்கள். ஆறு மாதத்தில் பிள்ளை பேசத் தொடங்குகிறது. தமிழை நிறுத்தியதால்தான் பேசினான் என்று முடிவாகிவிடுகிறது. ஆனால் அந்த ஆறு மாதத்தில் பிள்ளைக்கு ஆறு மாத வயதும் கூடியிருக்கிறது அல்லவா? ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு உண்டாகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பிள்ளை பேசியது வயதால் இருக்கலாம், பேச்சுப் பயிற்சியால் இருக்கலாம். பாட்டியோடு பேசும் மொழி மட்டும் வீணாய்ப் பறிபோயிருக்கும்.

இரண்டாவது பொறி, ஏற்ற இறக்கம். எந்தத் தொல்லையும் ஒரே அளவில் இருப்பதில்லை, கூடும், குறையும். தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம். உச்சத்துக்குப் பின் இறக்கம் வருவது இயல்பு. அந்த இறக்கம் மருந்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

மூன்றாவது பொறி, எதிர்பார்ப்பு. பணமும் நேரமும் செலவழித்து அழைத்துப் போகும் பெற்றோரின் கண், முன்னேற்றத்தைத் தேடுகிறது. தேடுகிற கண்ணுக்கு அது தென்பட்டும் விடுகிறது.

இந்தப் பொறிகள் எவ்வளவு வலியவை என்பதற்கு செக்ரெட்டின் கதை நல்ல சான்று. செக்ரெட்டின் என்பது குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன். வயிற்றுச் சோதனைக்காக அது செலுத்தப்பட்ட மூன்று ஆட்டிசக் குழந்தைகளிடம் பேச்சும் பழகும் தன்மையும் மேம்பட்டதாக 1998-இல் அமெரிக்காவில் ஓர் அறிக்கை வெளிவந்தது. செய்தி பரவியது. பெற்றோர்கள் அந்த ஊசிக்காக அலைந்தார்கள். 1999-இல் 60 குழந்தைகளைக் கொண்டு, பாதிப் பேருக்கு செக்ரெட்டினும் மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீரும் செலுத்திச் சோதித்தார்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இதைவிட வியப்பு என்னவென்றால், முடிவைத் தெரிந்துகொண்ட பிறகும் 69 சதவிகிதப் பெற்றோர் செக்ரெட்டினில் ஆர்வம் இருப்பதாகவே சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம்பிக்கையை விடுவது எந்தப் பெற்றோருக்கும் எளிதல்ல.

ஆகவே, ஒரு குழந்தையின் கதையைச் சொல்வது வேறு. ஒரு குழந்தையிடம் முறையாகச் சோதிப்பது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

முதல் படி: அளவிடுதல்

தனியாள் ஆய்வின் உயிர்நாடி, திரும்பத் திரும்ப அளப்பது. "ரொம்ப அடம் பிடிக்கிறான்" என்பது அளவு ஆகாது. "ஒரு நாளில் எத்தனை முறை கத்தி அழுகிறான், ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம்" என்பதுதான் அளவு. எண்ணக்கூடியதாக, வேறொருவர் பார்த்தாலும் அதே எண்ணைச் சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

இதற்காகவே ஆய்வாளர்கள் அவ்வப்போது இரண்டாவது ஆளையும் தனியே கவனித்துக் குறிக்கச் சொல்கிறார்கள். 50 இடைவெளிகளில் இருவரும் 45-இல் ஒரே மாதிரி குறித்திருந்தால் உடன்பாடு 90 சதவிகிதம். 80 சதவிகிதமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு.

சிகிச்சை எதுவும் தொடங்காமல், உள்ளது உள்ளபடி சில நாட்கள் அளந்து குறிப்பதை அடிப்படைக் கட்டம் என்கிறோம். இந்தக் கட்டத்தில் குறைந்தது 5 அளவுகளாவது இருப்பது நல்லது. எண்கள் ஓரளவு நிலையாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். அடிப்படைக் கட்டத்திலேயே தொல்லை குறைந்துகொண்டு வந்தால், சிகிச்சையை அப்போது தொடங்கினால் எதற்கும் பதில் கிடைக்காது.

மீள்மாற்று முறை

அடிப்படைக் கட்டத்தை 'அ' என்றும் சிகிச்சைக் கட்டத்தை 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம். அ-ஆ என்று நிறுத்தினால் அது பழைய "முன்பு, பின்பு" கதைதான். சிகிச்சையை நிறுத்தி மீண்டும் 'அ'வுக்கு வந்து, பிறகு மீண்டும் 'ஆ'வைத் தொடங்கினால்? சிகிச்சை வரும்போதெல்லாம் மாற்றம் வந்து, போகும்போதெல்லாம் மாற்றமும் போனால், அது தற்செயல் என்று சொல்வது கடினம். வயது கூடுவது இப்படி வந்து வந்து போகாது. இந்த அ-ஆ-அ-ஆ அமைப்பைத்தான் மீள்மாற்று முறை என்கிறார்கள்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடந்த ஓர் ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1964-இல் ஐலீன் ஆலனும் அவருடைய குழுவினரும் அதை வெளியிட்டார்கள். ஆன் என்ற பெயரில் குறிப்பிடப்படும் நான்கு வயதுச் சிறுமி, மற்றக் குழந்தைகளோடு சேர்வதே இல்லை. ஆசிரியைகளையே சுற்றிச் சுற்றி வருவாள். தனியே நிற்கும்போது ஆசிரியைகள் பரிவோடு அருகில் சென்று பேசுவார்கள். அந்தப் பரிவே அவளைத் தனிமையில் நிறுத்துகிறதோ என்ற ஐயம் எழுந்தது.

முதல் 5 நாட்கள் வெறுமனே கவனித்தார்கள். பள்ளி நேரத்தில் சுமார் 10 சதவிகிதம்தான் அவள் மற்றக் குழந்தைகளோடு இருந்தாள். சுமார் 40 சதவிகிதம் பெரியவர்களோடு. ஆறாம் நாள் முதல் ஆசிரியைகள் தம் பழக்கத்தை மாற்றினார்கள். ஆன் குழந்தைகளோடு விளையாடும்போது மட்டும் அருகில் சென்று பேசினார்கள். தனியே நிற்கும்போது அதிகம் கவனிக்கவில்லை. குழந்தைகளோடு அவள் கழித்த நேரம் சுமார் 60 சதவிகிதத்துக்கு ஏறியது. 12-ஆம் நாள் முதல் 16-ஆம் நாள் வரை பழைய வழக்கத்துக்கே திரும்பினார்கள். அவளும் பழைய ஆன் ஆகிவிட்டாள். 17-ஆம் நாள் மீண்டும் புதிய முறை, மீண்டும் ஏற்றம். ஆய்வு முடிந்த பின் இடையிடையே சென்று பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது.

ஒரே ஒரு சிறுமி. ஆனாலும் ஆசிரியையின் கவனம்தான் காரணம் என்பதை மறுப்பது எவ்வளவு கடினம் என்று பாருங்கள்.

சில நேரம் வீட்டார் தம்மை அறியாமலே மீள்மாற்று முறையை நடத்தி வைப்பதும் உண்டு. 1959-இல் கார்ல் வில்லியம்ஸ் என்பவர் 21 மாதக் குழந்தை ஒன்றைப் பற்றி எழுதினார். முதல் ஒன்றரை வயது வரை பெரும்பாலும் நோயுற்றிருந்த குழந்தை அது. உடல் தேறிய பின்னும், தூங்கும் வரை யாராவது அருகில் இருந்தே ஆக வேண்டும். எழுந்தால் ஒரே கத்தல். உடல்நலத்தில் குறை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழந்தையை அன்போடு படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து, மீண்டும் உள்ளே போவதில்லை என்று பெற்றோர் முடிவு செய்தார்கள். முதல் நாள் 45 நிமிடம் அழுகை. பத்தாவது முறைக்குள் முனகல்கூட இல்லை.

சுமார் ஒரு வாரம் கழித்து அத்தை ஒருவர் குழந்தையைப் படுக்க வைத்தார். அது அழுதது, அவர் மனம் இளகி உள்ளே திரும்பிப் போனார். அவ்வளவுதான், பழைய தொல்லை முழுதாகத் திரும்பியது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறையும் ஒன்பது தடவைக்குள் அழுகை நின்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அத்தொல்லை மீண்டும் தலைகாட்டவில்லை. அத்தை செய்தது அன்பின் காரணமாக. ஆனால் ஆய்வுக்கு அவர் செய்த உதவி பெரிது. காரணம் எது என்பதை அவர்தான் நிரூபித்துக் கொடுத்தார்!

(எல்லோரும் ஓர் அறையில் சேர்ந்து படுக்கும் நம் வீடுகளில் இப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். முறையைப் புரிந்துகொள்ளவே இந்த எடுத்துக்காட்டு.)

பின்வாங்க முடியாதபோது

எல்லாச் சிகிச்சையையும் நிறுத்திப் பார்க்க முடியாது. இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, கற்றுக்கொண்டது மறக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, பாடத்தை நிறுத்தியதும் படிக்க மறந்துவிடுவதில்லை.

இரண்டாவது, நிறுத்துவதே தவறாகும் நிலைமைகள். 1964-இல் மான்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி, ஹேடன் மீஸ் ஆகியோர் எழுதிய டிக்கியின் வரலாறு இதற்குச் சான்று. கண்புரைக்காக விழிவில்லைகள் அகற்றப்பட்ட மூன்றரை வயது ஆட்டிசக் குழந்தை டிக்கி. கண்ணாடி அணிந்தே ஆக வேண்டும். இல்லையெனில் பார்வை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். அவனோ கண்ணாடியை அண்டவே விடவில்லை. வில்லை இல்லாத வெறும் சட்டத்தைக் கையில் எடுத்தாலே சிறு உணவுத் துண்டு, பிறகு கண்ணருகே கொண்டு சென்றால் என்று சிறுகச் சிறுகப் பழக்கினார்கள். மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது நாளுக்குச் சுமார் 12 மணி நேரம் கண்ணாடி அணிந்தான். "காரணத்தை நிரூபிக்க வேண்டும், கொஞ்ச நாள் கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்போம்" என்று யாராவது சொல்வார்களா? தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் குழந்தைக்கும் இது பொருந்தும்.

இத்தகைய இடங்களுக்கு ஏற்றது பல அடிப்படை முறை. ஒரே சிகிச்சையை மூன்று வெவ்வேறு நடத்தைகளுக்கு, அல்லது மூன்று இடங்களில், அல்லது மூன்று குழந்தைகளிடம், வெவ்வேறு நாட்களில் தொடங்குவது. எதையும் நிறுத்த வேண்டியதில்லை. எங்கே தொடங்குகிறோமோ அங்கே மட்டும், தொடங்கும்போது மட்டும் மாற்றம் வந்தால் போதும்.

1970-இல் வான்ஸ் ஹாலும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வொன்றில் ஆராய்ச்சி செய்தவர்களே ஆசிரியர்களும் ஒரு தாயும்தான். அந்தத் தாய்க்கு 10 வயது மகள். கிளாரினெட் பயிற்சி, சிறுமியர் சங்கத்துக்கான கைவேலை, புத்தகம் படித்தல் ஆகிய மூன்றும் மகளிடம் போதிய அளவில் இல்லை. தாய் மூன்றையும் நாள்தோறும் நிமிடக் கணக்கில் குறித்தார். பிறகு ஒரு விதி: 30 நிமிடத்துக்குக் குறைந்தால் அன்றிரவு சீக்கிரம் படுக்கைக்குப் போக வேண்டும். முதலில் ஒன்றுக்கு மட்டும் அந்த விதி, சில நாள் கழித்து இரண்டாவதற்கு, பிறகு மூன்றாவதற்கு. விதி எதற்கு வந்ததோ அது உயர்ந்தது. மூன்றும் ஒரே நாளில் உயர்ந்திருந்தால், "மகளுக்குத் திடீரென்று பொறுப்பு வந்துவிட்டது" என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொன்றாக உயர்ந்ததால் அப்படிச் சொல்ல வழியில்லை. தன் வீட்டிலேயே ஒரு தாய் செய்த சோதனை அது.

இன்னொரு வகையும் உண்டு: மாறும் இலக்கு முறை. காய்கறியே தொடாத பிள்ளைக்கு முதல் வாரம் ஒரு கரண்டி, இரண்டாம் வாரம் இரண்டு, பிறகு நான்கு என்று இலக்கை உயர்த்தி, எட்டினால் ஒரு சிறு பரிசு தருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிடும் அளவு இலக்கோடு சேர்ந்து படிப்படியாக ஏறினால், பரிசுதான் காரணம் என்று கொள்ளலாம். இலக்கு இரண்டாக இருக்கும்போதே பிள்ளை ஆறு கரண்டி சாப்பிட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் காரணம் வேறு எதுவோ!

மருந்தும் போலி மாத்திரையும்

மருந்துக்கும் இம்முறை பொருந்தும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கயாட் குழுவினர் 1986-இல் ஒரே நோயாளியிடம் மருந்தையும் போலி மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதிக்கும் வழியை முன்வைத்தார்கள். எந்த வாரம் எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்து தயாரித்துக் கொடுப்பவரிடம் மட்டும் பட்டியல் இருக்கும். எது முதலில் என்பதை நாணயம் சுண்டுவது போன்ற குலுக்கலே முடிவு செய்யும்.

குழந்தை மருத்துவத்தில் இது பெரிதும் பொருந்துவது ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெதில்ஃபெனிடேட் மருந்துக்கு. அதன் சாதாரண வகை வேலை செய்வது சில மணி நேரமே. அடுத்த நாளுக்கு மிச்சம் இருப்பதில்லை. ஆகவே மாற்றிக் கொடுத்துப் பார்ப்பது எளிது. வகுப்பு ஆசிரியை எது மருந்து நாள், எது போலி நாள் என்று அறியாமலே கவனத்துக்கு மதிப்பெண் போடுவார். வீட்டில் பசியும் தூக்கமும் குறிக்கப்படும். சில வாரங்கள் கழித்துப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், இந்தக் குழந்தைக்கு இந்த மருந்து தேவையா என்பது விளங்கும். தேவை என்று தெரிந்தால், "பிள்ளைக்கு மாத்திரையா?" என்ற உறவினர்களின் கேள்விக்குப் பதில் கிடைக்கும். தேவையில்லை என்று தெரிந்தால், ஆண்டுக்கணக்கில் விழுங்கவேண்டியது மிச்சமாகும்.

உடலில் சேர்ந்து மெதுவாகப் பலன் தரும் மருந்துகளுக்கு இது ஒத்துவராது. வலிப்பு மருந்தை நிறுத்திப் பார்ப்பதோ உயிருக்கே ஆபத்து. எந்த மருந்தானாலும் இச்சோதனையை டாக்டரின் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும்; வீட்டில் நாமாகச் செய்யக் கூடாது.

வரைபடத்தைப் படிப்பது எப்படி?

அளந்த எண்களை வரைபடத் தாளில் குறிக்க வேண்டும். கிடைக்கோட்டில் நாட்கள், நிற்கும் கோட்டில் அளவு. கட்டம் மாறும் இடத்தில் ஒரு நெடுங்கோடு. பிறகு ஆறு கேள்விகள்:

1. நிலை: ஒவ்வொரு கட்டத்திலும் புள்ளிகள் சராசரியாக எந்த உயரத்தில் உள்ளன?
2. போக்கு: புள்ளிகள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா?
3. ஏற்ற இறக்கம்: புள்ளிகள் நெருங்கி நிற்கின்றனவா, தாறுமாறாகக் குதிக்கின்றனவா?
4. உடனடித் தன்மை: கட்டம் மாறியதும் மாற்றம் தெரிகிறதா, வெகு நாள் கழித்தா?
5. மேற்பொருந்தல்: ஒரு கட்டத்தின் புள்ளிகள் எத்தனை மற்றக் கட்டத்தின் எல்லைக்குள் விழுகின்றன? குறைவாக இருந்தால் நல்லது.
6. ஒற்றுமை: ஒரே வகைக் கட்டங்கள் ஒன்றை ஒன்று ஒத்திருக்கின்றனவா?

சிகிச்சையின் பலன் குறைந்தது மூன்று வெவ்வேறு சமயங்களில் தெரிய வேண்டும் என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட அளவுகோல். அ-ஆ-அ-ஆ அமைப்பில் மாறும் இடங்கள் மூன்று என்பதைக் கவனியுங்கள். பல அடிப்படை முறையிலும் தொடக்கங்கள் மூன்று. ஒருமுறை நடந்தால் தற்செயல்; இருமுறை நடந்தால் ஐயம்; மூன்றாம் முறையும் நடந்தால் நம்பத் தொடங்கலாம்.

ஒரு பிள்ளைக்குப் பலித்தது மறு பிள்ளைக்குப் பலிக்குமா?

இதுதான் இம்முறையின் மீது வைக்கப்படும் முக்கியக் குறை. நியாயமான குறையும்கூட. ஆனுக்குப் பலித்தது அடுத்த தெருச் சிறுமிக்குப் பலிக்கும் என்று அந்த ஒரு வரைபடம் சொல்லாது. அதற்கு வழி, திரும்பச் செய்து பார்ப்பதுதான். குறைந்தது 5 ஆய்வுகள், 3 தனித்தனி ஆய்வுக் குழுக்கள், மொத்தம் 20 குழந்தைகள் என்ற அளவு கூடினால்தான் பொதுவாக நம்பலாம் என்று 2010-இல் அமெரிக்கக் கல்வித் துறை சார்ந்த நிபுணர் குழு ஒன்று வகுத்தது. மற்றொரு குறை, பலன் தெரிந்த வரைபடங்களே அச்சேறுகின்றன. பலன் தெரியாதவை மேசை இழுப்பறையில் தங்கிவிடுகின்றன. ஆகவே வெளிவந்தவற்றை மட்டும் படித்து முடிவுக்கு வருவதில் எச்சரிக்கை தேவை.

இருந்தாலும், நம் கேள்வி "என் பிள்ளைக்கு?" என்பதாக இருக்கும்போது, அந்தப் பிள்ளையிடம் நடந்த சோதனைக்கு ஈடு எதுவும் இல்லை.

சிந்திக்க இரண்டு கேள்விகள்

1. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் ஏழு வயதுச் சிறுவன். 14 நாள் குறிப்பில் 10 இரவுகள் நனைந்தவை. மணியடிக்கும் கருவி வைத்த பின் 14 நாளில் 4 இரவுகள். கருவிதான் காரணம் என்று சொல்லலாமா?

2. மூன்று குழந்தைகளுக்கு ஒரே பேச்சுப் பயிற்சியை ஒரே நாளில் தொடங்கினார்கள். மூவரும் முன்னேறினார்கள். இது பல அடிப்படை முறை ஆகுமா?

விடை: முதலாவது வெறும் அ-ஆ. நம்பிக்கை தருகிறது, நிரூபணம் ஆகாது. இரண்டாவது, ஆகாது. தொடக்க நாட்கள் வேறுபட்டிருக்க வேண்டும். ஒரே நாளில் தொடங்கினால் அன்று நடந்த வேறு எதுவும் காரணமாக இருக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மூன்று வயதுக் குழந்தை மூன்று வயதிலேயே நின்று நமக்காகக் காத்திருப்பதில்லை. பலனில்லாத ஒரு சிகிச்சையில் ஓராண்டு போனால், போனது பணம் மட்டும் அல்ல. வெளியூரில், உற்றார் உதவி இல்லாமல், ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையும் குடும்பங்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆராய்ச்சி செய்வது நிபுணர்களின் வேலை. ஆனால் அளந்து வைப்பதை யாரும் செய்யலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, சுவரில் ஒரு கடிகாரம். ஒரே ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுத்து, புதிய சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே ஒரு வாரமாவது குறித்து வையுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று புதியவற்றைத் தொடங்காதீர்கள். எது உதவியது என்று பிறகு பிரிக்கவே முடியாது. தேதியிட்டு எழுதுங்கள். காய்ச்சல், விருந்தாளி வருகை, பள்ளி விடுமுறை ஆகியவற்றையும் ஓரத்தில் குறியுங்கள்.

சிகிச்சையாளரிடம் தயங்காமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். "எதை அளக்கப் போகிறீர்கள்? தொடங்கும்போது அது எவ்வளவு இருந்தது? எத்தனை வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் வழியை மாற்றுவோம்?" நல்ல சிகிச்சையாளர் இக்கேள்விகளை வரவேற்பார். அந்த நோட்டைக் கண்டால் அவருக்கு மகிழ்ச்சியே உண்டாகும்; அவருடைய பாதி வேலையை நீங்கள் முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.